தூக்கம் வரவில்லையா? எழுந்து வெளியே போ!

தூக்கம் வராமல் புரண்டு கொண்டிருக்கும் ஒருவரிடம் போய், "படுக்கையை விட்டு எழுந்து அடுத்த ரூமுக்குப் போ" என்று சொல்லிப் பாருங்கள். அடிக்க வருவார். 1972-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்த ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியல் பேராசிரியர் இதைத்தான் சிகிச்சை என்று சொன்னார். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. 2016-ல் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்ற டாக்டர்கள் அமைப்பு, நாள்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் முதலில் தர வேண்டியது மாத்திரை அல்ல, இந்த வழியில் வளர்ந்து வந்த உளவியல் சிகிச்சைதான் என்று அறிவித்தது. நடுவில் 44 வருடம். பலன் தரும் ஒரு வைத்தியம் இவ்வளவு காலம் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது ஏன் என்பதுதான் இந்தக் கதையில் சுவாரஸ்யமான விஷயம்.

முதலில் மாத்திரையின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அது தெரியாமல் மற்றது புரியாது.

குளோரல் ஹைட்ரேட் 1869-லிருந்து தூக்க மருந்தாகப் பயன்பட்டது. அடுத்தது பார்பிட்டுரேட் வகை மருந்துகள். நோபல் பரிசு வாங்கிய ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷரும் ஜோசஃப் ஃபான் மேரிங் என்ற டாக்டரும் 1903-ல் அறிமுகப்படுத்திய வெரோனால் தான் இந்த வகையில் முதலில் கடைக்கு வந்தது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும் தூங்கியது பார்பிட்டுரேட்டின் தயவில். இதில் ஒரு பெரிய வில்லங்கம் உண்டு. தூங்க வைக்கும் அளவுக்கும் உயிரை எடுக்கும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. 1962 ஆகஸ்டில் நடிகை மர்லின் மன்றோ இறந்தபோது அவர் ரத்தத்தில் இருந்தவை பார்பிட்டுரேட்டும் குளோரல் ஹைட்ரேட்டும். இன்னொரு பக்கம், 1957-ல் மேற்கு ஜெர்மனியில் "பத்திரமான" தூக்க மருந்து என்று விளம்பரம் செய்து, டாக்டர் சீட்டு கூட இல்லாமல் விற்ற தாலிடோமைடு என்ன ஆனது என்பது உலகத்துக்கே தெரியும். கர்ப்பிணிகள் சாப்பிட்டார்கள். கை கால் வளர்ச்சியில்லாமல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்த பிறகுதான் கதை முடிந்தது. 1961 நவம்பரில் அங்கே மருந்தைத் திரும்பப் பெற்றார்கள்.

1960-ல் லிப்ரியம், 1963-ல் வேலியம் என்று பென்சோடயசெபைன் வகை வந்தது. பழையதைவிட எவ்வளவோ மேல். ஆனால் பழகிப் போய்விடும், நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகும். அதனால் நிறுத்த முடியாது. பிறகு 1990-களில் பிரபலமான சோல்பிடெமுக்கு 2019-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. பெட்டி கட்டிய எச்சரிக்கை போட வைத்தது. தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, கார் ஓட்டுவது போன்றவை நடந்து சிலர் இறந்தும் போயிருந்தார்கள். ஒவ்வொரு தலைமுறை மாத்திரையும் "போன தலைமுறை மாதிரி இது ஆபத்தில்லை" என்று சொல்லிக் கொண்டேதான் சந்தைக்கு வந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சரி, உளவியல் பக்கம் வருவோம்.

இந்தப் பக்கத்தில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் சிகாகோவைச் சேர்ந்த எட்மண்ட் ஜேக்கப்சன். 1929-ல் வந்த அவரது புத்தகம் உடம்பின் தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தது. உடம்பு இறுக்கமாக இருக்கும்போது மனசு மட்டும் எப்படி ஓயும் என்பது அவர் கேள்வி. வியன்னாவின் விக்டர் ஃபிராங்கல் இன்னொரு கோணத்தில் போனார். தூங்க வேண்டும் என்று முயற்சி செய்வதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது, ஆகவே தூங்காமல் இருக்க முயற்சி செய் என்றார். கேட்க கிண்டல் மாதிரி இருக்கும். ஆனால் தூக்கம் என்பது முயற்சி செய்து அடையக்கூடிய காரியம் இல்லை என்ற முக்கியமான விஷயத்தை அவர் பிடித்துவிட்டார். பரீட்சைக்கு முந்தைய ராத்திரி பத்து மணிக்கே படுத்து "இப்போது தூங்கியே ஆக வேண்டும்" என்று கண்ணை இறுக்கி மூடியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1970-ல் ஸ்டார்ம்ஸ், நிஸ்பெட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேடிக்கையான பரிசோதனை செய்தார்கள். தூக்கம் வராத கல்லூரி மாணவர்களுக்கு வெறும் மாவு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு குழுவிடம் "இது உடம்பைப் படபடக்க வைக்கும்" என்றார்கள். இன்னொரு குழுவிடம் "இது அமைதிப்படுத்தும்" என்றார்கள். படபடக்க வைக்கும் என்று நம்பியவர்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள், அமைதிப்படுத்தும் என்று நம்பியவர்கள் இன்னும் லேட். படபடப்பு மாத்திரையால் வருகிறது, தன்னால் இல்லை என்று நினைத்ததும் கவலை போய்விட்டது என்பது அவர்கள் விளக்கம். அருமையான விளக்கம்தான். ஆனால் மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு வரவில்லை. அப்படிச் செய்து பார்த்தவர்களில் பூட்ஸினும் ஒருவர்! இவரைப் பற்றி மரியாதை வருவதற்கு இந்த ஒரு விஷயமே போதும். உளவியலுக்குச் சாதகமான, கேட்க நன்றாக இருக்கும் ஒரு முடிவை அவர் அப்படியே எடுத்துக் கொள்ளவில்லை.

பூட்ஸினின் சொந்த யோசனை பாவ்லோவின் நாய்க் கதையின் இன்னொரு ரூபம். மணி அடித்தால் சோறு என்று பழகிய நாய்க்கு மணிச் சத்தத்திலேயே எச்சில் ஊறுகிறது. படுக்கை என்றால் தூக்கம் என்று பழகியவருக்குத் தலையணையைப் பார்த்தாலே கண் சொருகும். ஆனால் மாதக்கணக்கில் அதே படுக்கையில் விழித்துக் கிடந்து, கடனை நினைத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பழகியவருக்குப் படுக்கை எதற்கு மணி அடிக்கும்? கவலைக்கு! இப்படிப்பட்டவர்கள் டி.வி. முன்னால் சோபாவில் உட்கார்ந்தபடியே அருமையாகத் தூங்கி வழிவார்கள். எழுந்து பெட்ரூமுக்குப் போனதும் கண் பளிச்சென்று திறந்துகொள்ளும். சிலர் வெளியூர் லாட்ஜில் நன்றாகத் தூங்குவார்கள்.

அதனால் அவர் போட்ட விதிகள் இவை: தூக்கம் சொக்கினால் மட்டும் படு. படுக்கையில் படிப்பது, சாப்பிடுவது, கவலைப்படுவது எதுவும் கூடாது (தாம்பத்தியத்துக்கு மட்டும் விலக்கு). பத்து நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு ரூமுக்குப் போ, சொக்கும்போது திரும்பி வா. ராத்திரி முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் இதைச் செய். எவ்வளவு குறைவாகத் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திரு. பகலில் குட்டித் தூக்கம் கூடாது. அவ்வளவுதான். ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். முதல் சில ராத்திரிகள் நரகமாக இருக்கும் என்பதும் உண்மை.

அடுத்த பெரிய அடி 1987-ல், நியூயார்க் சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆர்தர் ஸ்பீல்மனிடமிருந்து வந்தது. தூக்கமின்மை எப்படி நிரந்தரமாகிறது என்பதற்கு அவர் கொடுத்த விளக்கம் இன்றைக்கும் வகுப்புகளில் சொல்லித் தரப்படுகிறது. சிலருக்கு இயல்பிலேயே தூக்கம் லேசு. அதன் மேல் ஒரு சம்பவம் வந்து விழுகிறது: வேலை போவது, வீட்டில் சாவு, பிரசவம், பரீட்சை. சில வாரம் தூக்கம் கெடும். இது யாருக்கும் நடக்கும். பெரும்பாலும் சம்பவம் கடந்ததும் தூக்கம் திரும்பிவிடும். திரும்பாதவர்களுக்கு என்ன ஆகிறது என்றால், கெட்ட தூக்கத்தை ஈடுகட்ட அவர்கள் செய்யும் காரியங்களே நோயாகிவிடுகின்றன. சீக்கிரம் படுப்பது, காலையில் லேட்டாக எழுவது, மத்தியானம் தூங்குவது, "எவ்வளவு நேரம் படுக்கிறேனோ அவ்வளவு வாய்ப்பு" என்று நினைப்பது. முதல் காரணம் எப்போதோ போய்விட்டது. பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

இதற்கு ஸ்பீல்மன் சொன்ன வைத்தியம் கணக்குப் பிள்ளைத்தனமானது. காமர்ஸ் படிப்பவர்களுக்கு உடனே புரியும். இரண்டு வாரம் டைரி எழுது. எட்டரை மணி நேரம் படுக்கையில் கிடந்து ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறாய் என்றால் உன் படுக்கையின் திறன் 65 சதவீதம். நூறு ரூம் ஹோட்டலில் 35 ரூம் எப்போதும் காலி. இனிமேல் உனக்குப் படுக்கை ஐந்தரை மணி நேரம்தான். காலை ஆறு மணிக்கு எழ வேண்டும் என்றால் ராத்திரி பன்னிரண்டரைக்கு முன்னால் படுக்கக் கூடாது. திறன் 90 சதவீதத்துக்கு ஏறியதும் கால் மணி நேரம் கூட்டிக் கொடு. மறுபடி டைரி, மறுபடி கால் மணி நேரம். உடம்பு தூக்கப் பசியில் இருப்பதால் துண்டு துண்டான தூக்கம் ஒட்டிக் கொள்கிறது. எட்டு வாரம், 35 நோயாளிகள் என்று அவருடைய முதல் ஆய்வு சின்னதுதான். ஆனால் அதற்குப் பிறகு பல நாடுகளில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து உறுதியான விஷயம் இது. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: ஆரம்ப வாரங்களில் பகலில் கண் சொருகும் என்பதால் லாரி, பஸ் ஓட்டுபவர்களும், வலிப்பு நோய், பைபோலார் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் மோரின் இந்தத் துண்டுகளையெல்லாம் ஒன்றாகக் கட்டினார். கூடவே எண்ணங்களையும் சேர்த்தார். "எட்டு மணி நேரம் தூங்காவிட்டால் நாளைக்கு நான் தொலைந்தேன்" என்பது மாதிரி நம்பிக்கைகளை எடுத்து வைத்து, அது எவ்வளவு நிஜம் என்று நோயாளியையே சோதித்துப் பார்க்கச் செய்வது. இதற்குப் பெயர் அறிதல்-நடத்தை சிகிச்சை, சுருக்கமாக சி.பி.டி.-ஐ (கடைசி 'ஐ' வேற்றுமை உருபு அல்ல, இன்சோம்னியாவின் முதல் எழுத்து!). வழக்கமாக ஆறு அல்லது எட்டு சந்திப்புகள். அவர் புத்தகம் 1993-ல் வந்தது.

மோரின் 1999-ல் வெளியிட்ட ஆய்வுதான் இந்த வரலாற்றின் திருப்புமுனை என்று தோன்றுகிறது. அதுவரை "வயசானால் தூக்கம் குறையும், அதற்கு என்ன செய்ய முடியும்" என்பதுதான் பொதுவான பேச்சு. தூக்க மாத்திரை அதிகம் விழுங்கியவர்களும் வயதானவர்கள்தான், அதன் மயக்கத்தில் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக் கொண்டவர்களும் அவர்கள்தான். மோரின் எடுத்துக் கொண்டது சராசரியாக 65 வயதுள்ள 78 பேரை. ஒரு குழுவுக்கு உளவியல் சிகிச்சை, ஒரு குழுவுக்கு டெமாசெபாம் மாத்திரை, ஒரு குழுவுக்கு இரண்டும், கடைசிக் குழுவுக்கு மாவு மாத்திரை. சிகிச்சை முடிந்த கையோடு பார்த்தால் மூன்று குழுவும் தேறியிருந்தன. இரண்டும் சேர்ந்த குழு ஒரு படி மேலேகூட இருந்தது. ஆனால் இரண்டு வருடம் கழித்து? மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்கள் பழையபடி ஆகியிருந்தார்கள். உளவியல் சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் பெற்ற பலனைத் தக்க வைத்திருந்தார்கள். மாத்திரை கடனுக்கு வாங்கிய தூக்கம், இது சம்பாதித்த தூக்கம் என்று சொல்லலாம்.

பிறகு 2022-ல் அமெரிக்காவில் வெளிவந்த இன்னொரு ஆய்வு 60 வயது தாண்டிய, தூக்கமின்மை உள்ள 291 பேரை மூன்று வருடம் தொடர்ந்தது. தூக்கம் பற்றிய பொதுவான பாடம் மட்டும் கேட்டவர்களோடு ஒப்பிட்டால், சி.பி.டி.-ஐ பெற்றவர்களில் மனச்சோர்வு நோய் வந்தவர்கள் ஏறக்குறைய பாதிதான். தூக்கத்துக்கு வைத்தியம் பார்த்ததில் வேறொரு நோயும் தள்ளிப் போனது.

இதுவரை சொன்னது பெரியவர்கள் கதை. குழந்தைகளுக்கு இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. 1959-ல் சி.டி. வில்லியம்ஸ் என்பவர் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். 21 மாதக் குழந்தை. பிறந்து முதல் ஒன்றரை வருடம் கடுமையான நோய், அதனால் வீடே அதைத் தாங்கு தாங்கு என்று தாங்கியது. உடம்பு தேறிய பிறகும் அந்தக் கவனிப்பு போகவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் பெற்றோரில் ஒருவர் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை கட்டில் பக்கத்திலேயே உட்கார வேண்டும். எழுந்தால் அலறல். டாக்டர் உடம்பில் ஒன்றும் இல்லை என்று உறுதி செய்த பிறகு, அன்பாகப் படுக்க வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவது என்று முடிவானது. முதல் நாள் 45 நிமிஷம் அழுகை. பத்தாவது முறை முனகல்கூட இல்லை. ஒரு வாரம் போல நிம்மதி. அப்புறம் ஒருநாள் படுக்க வைத்த ஆன்ட்டி (அத்தையா சித்தியா என்று ஆங்கிலம் சொல்லாது!) அழுகையைப் பொறுக்க மாட்டாமல் திரும்ப உள்ளே போய்விட்டார். எல்லாம் முதலிலிருந்து! இரண்டாவது சுற்று ஒன்பது முறையில் முடிந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்குப் பிரச்சினையே இல்லை என்று எழுதுகிறார் வில்லியம்ஸ்.

இந்த ஒற்றைக் குழந்தையின் கதையிலிருந்து ஒரு பெரிய துறையே வளர்ந்தது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் ரிச்சர்ட் ஃபெர்பர் 1985-ல் எழுதிய புத்தகம் இதைக் கொஞ்சம் இளக்கமாக்கியது. கதவைச் சாத்திவிட்டு மொத்தமாகப் போகாமல், இடைவெளியைக் கூட்டிக் கூட்டி வந்து எட்டிப் பார்க்கும் முறை. அமெரிக்கப் பெற்றோர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து இன்றுவரை சண்டை போடுகிறார்கள். "குழந்தையை அழ விடுவதா, கல் நெஞ்சம்!" என்பது ஒரு கட்சி. 2006-ல் 52 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் 94 சதவீத ஆய்வுகள் இந்த வகை முறைகள் பலன் தருவதாகச் சொல்லின. மனசு பாதிக்குமா என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியாவில் ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்து 2012-ல் பதில் சொன்னார்கள். ஆறு வயதில் இரண்டு குழுக் குழந்தைகளுக்கும் நடத்தையிலோ பெற்றோருடனான பாசத்திலோ வித்தியாசம் இல்லை. கெடுதலும் இல்லை, நீண்ட கால லாபமும் இல்லை.

குழந்தைக்குத் தனி ரூம், தனிக் கட்டில் என்ற ஏற்பாட்டின் மேல் நிற்கும் முறை இது. ஒரே பாயில் நாலு பேர் படுக்கும் வீட்டில் எந்தக் கதவைச் சாத்துவது? ஃபெர்பரே தன் 2006 பதிப்பில் பெற்றோரோடு படுக்க வைப்பதைத் தவறில்லை என்று ஒப்புக் கொண்டார். ஆனால் அவர் சொன்ன அடிப்படை விஷயம் எந்த வீட்டுக்கும் பொருந்தும். எல்லாக் குழந்தையும் ராத்திரியில் பல முறை லேசாக விழிக்கும். தூளியில் ஆட்டினால்தான் தூங்கும் என்று பழகிய குழந்தைக்கு, அப்படி விழிக்கும் ஒவ்வொரு முறையும் தூளி ஆட வேண்டும். யார் ஆட்டுவது என்பதுதான் பிரச்சினை. பூட்ஸின் படுக்கையைப் பற்றிச் சொன்னதும் இதுவும் ஒரே பாடம்தான்.

டீன் ஏஜ் பிள்ளைகள் விஷயத்தில் உளவியலாளர்கள் மட்டும் போதவில்லை. மேரி கார்ஸ்கடன் 1976-லிருந்து ஸ்டான்ஃபோர்டில் கோடைக்கால முகாம் வைத்து ஒரே பிள்ளைகளை வருடா வருடம் தூங்க வைத்து அளந்தார். வயது ஏற ஏற தூக்கத் தேவை குறையும் என்பதுதான் எதிர்பார்ப்பு. குறையவில்லை. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தூங்கினார்கள். பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் நகர்கிறது என்பதும் அவருடைய பிந்தைய ஆய்வுகளில் தெரிய வந்தது. அதாவது ராத்திரி பதினொன்றுக்குத் தூக்கம் வராததும் காலை ஆறுக்கு எழ முடியாததும் முழுக்க சோம்பேறித்தனம் இல்லை. இப்படிப்பட்ட பையனுக்கு எத்தனை கவுன்சலிங் கொடுத்தாலும் பள்ளி மணி ஏழரைக்கு அடித்தால் என்ன பிரயோசனம்? கலிஃபோர்னியா 2019-ல் சட்டமே போட்டது. 2022 ஜூலையிலிருந்து அங்கே பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது.

சரி, முதல் கேள்விக்குத் திரும்புவோம். 1972-ல் பூட்ஸின், 1987-ல் ஸ்பீல்மன், 1999-ல் மோரின். கையில் இவ்வளவு இருந்தும் 2016 வரை ஏன்?

டாக்டர்களின் அறியாமை என்று சொல்வது சுலபம், ஆனால் அநியாயம். பத்து நிமிஷத்தில் ஒரு நோயாளியை அனுப்ப வேண்டிய டாக்டருக்கு மாத்திரை எழுத அரை நிமிஷம் போதும். தூக்க டைரியைப் படித்து ஆறு வாரம் கூட இருக்க அவரால் முடியாது, அதற்குப் பயிற்சி பெற்றவர்களும் எங்குமே சொற்பம். அதைவிடப் பெரிய காரணம் வியாபாரம். மாத்திரைக்குக் காப்புரிமை உண்டு, விற்பனைப் பிரதிநிதி உண்டு, அமெரிக்காவில் டி.வி. விளம்பரமும் உண்டு. "எழுந்து அடுத்த ரூமுக்குப் போ" என்பதற்கு யார் காப்புரிமை வாங்க முடியும்? எந்தக் கம்பெனி அதற்குப் பிரதிநிதி வைக்கும்? நல்ல சரக்குதான், ஆனால் விற்பவருக்கு அதில் மார்ஜின் இல்லை. இதில் இன்னொரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். இந்தச் சிகிச்சை எல்லோருக்கும் பலிப்பதில்லை. பத்தில் ஏழெட்டுப் பேருக்குப் பலன் தெரியும், முழுக்கக் குணமாகிறவர்கள் அதைவிடக் குறைவு. குறட்டையோடு மூச்சு நிற்கும் ஸ்லீப் ஆப்னியா மாதிரி நோய்களுக்கு இது மருந்தே அல்ல. சில நெருக்கடிகளில் சில நாள் மாத்திரை தேவைப்படத்தான் செய்கிறது.

ஆள் பற்றாக்குறைக்குக் கம்ப்யூட்டரை வைத்து வழி தேடினார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உருவான இணையவழிச் சிகிச்சை 2009-ல் ஒரு சின்ன ஆய்வில் தேறியது. பிரிட்டனில் கோலின் எஸ்பி உருவாக்கிய ஸ்லீப்பியோ 2012-ல் 164 பேரிடம் சோதிக்கப்பட்டது, 2022-ல் அந்த நாட்டின் நைஸ் அமைப்பு தூக்க மாத்திரைக்குப் பதில் அதைப் பரிந்துரைத்தது. வர்ஜீனியாவின் வழிமுறையை பேர் தெரப்யூடிக்ஸ் என்ற கம்பெனி வாங்கி, சோம்ரிஸ்ட் என்று பெயர் வைத்து, டாக்டர் சீட்டு எழுதித் தரும் ஆப்பாக 2020-ல் எஃப்.டி.ஏ. அனுமதியும் பெற்றது. போஸ்ட் கார்டு விதிகளுக்குக் கடைசியில் ஒரு விலைச்சீட்டு கிடைத்தது! ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் பணம் தரத் தயங்கின. 2023 ஏப்ரலில் பேர் தெரப்யூடிக்ஸ் திவால் மனு கொடுத்தது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறையோ, தன் ஊழியர்களுக்கு 2010-களின் தொடக்கத்திலிருந்தே இந்தச் சிகிச்சையில் பயிற்சி கொடுத்து வந்தது. அது 2013-ல் வெளியிட்ட செல்போன் ஆப்பில் அதே டைரி, அதே கால் மணி நேரக் கணக்கு, அதே "எழுந்து போ" எல்லாம் இருந்தன. டவுன்லோடு செய்ய ஒரு பைசா கேட்கவில்லை.